ஏடும் அச்சும் திரையும்
துலங்கு வடிவமைப்பு என்னும் கலைக்கு ஓர் அறிமுகம்

எழுத்தானது எப்பொருளின்மேல் நிற்கின்றதோ அப்பொருளின் இயல்புக்கு இயையவே அதன் ஒழுங்கும் தோற்றமும் அமைகின்றன. பனையோலையில் எழுதிய நம் முன்னோர்க்கு ஓலையின் நீளமும் அகலமுமே எல்லையாயிருந்தன. செய்யுளாயினும் உரையாயினும், அடி பிரியாமலும் சொல் பிரியாமலும், ஓலையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை தொடர்ந்து எழுதிச் செல்வதே அவர்தம் வழக்கு. நீண்ட ஏட்டில் ஐந்து வரியில் அடங்கிய பாடல், குறுகிய ஏட்டிற் படியெடுக்கப்படுங்கால் எட்டு வரியாக விரிந்தது. ஆயினும் பாடல் மாறவில்லை. அடி எவ்விடத்து முடிகின்றது என்பதை யாப்பறிந்த படிப்போன் தானே உணர்ந்துகொண்டான். எனவே பாடல் வேறு, அது பரந்து கிடக்கும் இடம் வேறு என்னும் உண்மை ஏட்டுக்காலத்தாருக்குப் புதியதன்று.

அச்சு வந்தபின் இந்நிலை மாறிற்று. 1841ஆம் ஆண்டில் ‘உதயதாரகை’ தோன்றியதும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவியதும் யாழ்ப்பாணத்து அறிவு வரலாற்றின் பெருநிகழ்ச்சிகள். ஈயவெழுத்துக்களைக் கோத்து இறுக்கிய பக்கம் ஒருமுறை அமைந்துவிட்டால் ஆயிரம் படியிலும் அதுவேயாகும். 1887ஆம் ஆண்டில் சி. வை. தாமோதரம்பிள்ளை வெளியிட்ட கலித்தொகைப் பதிப்பின் ஒரு பக்கம், சென்னையிற் பார்த்தாலும் சுன்னாகத்திற் பார்த்தாலும் ஒரே வரியில் தொடங்கி ஒரே வரியில் முடியும். பக்க எண்ணைச் சுட்டி மேற்கோள் காட்டும் ஆய்வுமுறை இவ்வுறுதியின்மேல் எழுந்ததே. வடிவம் நிலைபெற்றமை அச்சு நமக்கு அளித்த பேறாகும்.

இக்காலத்தில் எழுத்து மூன்றாவது இருப்பிடமாகத் திரையை அடைந்திருக்கின்றது. ஒரே இணையப் பக்கத்தை ஒருவர் நான்கு விரலகலமுள்ள கைத்தொலைபேசியிற் படிக்கின்றார். ஒருவர் பாடசாலைக் கணினிக் கூடத்துத் திரையிற் படிக்கின்றார். ஆசிரியர் ஒருவர் அதனையே சுவரில் எறிந்து வகுப்புக்குக் காட்டுகின்றார். பக்கத்தை ஆக்கியோன் இவற்றுள் எதனையும் முன்கூட்டி அறியான். ஆகவே, காணும் இடத்தின் அகலத்தை அறிந்து தன் உறுப்புக்களைத் தானே ஒழுங்குசெய்துகொள்ளும் ஆற்றலைப் பக்கத்துக்கு அளித்தல் வேண்டும். அவ்வாற்றலை அளிப்பது எங்ஙனம் என்பதை, இத்துறையிற் புதிதாகப் புகும் மாணாக்கர்க்குப் பயன்படுமாறு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரும் வரலாறும்

1989ஆம் ஆண்டில், ஜெனீவா நகரையடுத்த சேர்ன் ஆய்வுநிலையத்திற் பணியாற்றிய ரிம் பேர்னர்ஸ்-லீ உலகளாவிய வலைக்கான திட்டத்தை முன்வைத்தார். அவர் வகுத்த எச்.ரி.எம்.எல். எனப்படும் மீயுரைக் குறிமொழி, இது தலைப்பு, இது பந்தி, இது இணைப்பு என உரையின் உறுப்புக்களை இன்னவை என்று சொல்வது; அவை எங்கே எவ்வளவு இடத்தில் நிற்றல் வேண்டும் என்று சொல்வதன்று. ஆதலின் தொடக்ககாலப் பக்கங்கள் ஏட்டிலுள்ள பாடல்போலச் சாளரத்தின் அகலத்துக்கேற்ப ஒழுகிச் சென்றன. தோற்றத்தை வகுப்பதற்கெனச் சி.எஸ்.எஸ். என்னும் பாணித்தாள் மொழியை ஹோகன் வியும் லீ 1994ஆம் ஆண்டில் முன்மொழிந்தார்; 1996ஆம் ஆண்டு டிசெம்பரில் அதன் முதல்நிலை உலகளாவிய வலைச் சங்கத்தின் பரிந்துரையாயிற்று.

ஒழுகிச் சென்ற பக்கத்தை இறுக்கியவர்கள் அச்சுப் பழக்கத்தோடு வந்த வடிவமைப்பாளர்களே. பக்கத்தின் அகலம் இத்தனை பிக்சல் என வரையறுத்து, அட்டவணைகளுக்குள் உரையை அடைத்தனர். மேசைக் கணினி ஒன்றே உள்ள காலத்தில் இஃது ஓரளவு செல்லுபடியாயிற்று. 2007ஆம் ஆண்டில் ஐபோன் வெளிவந்தபோது அதன் மேலோடி, பக்கத்தின் அகலம் 980 பிக்சல் எனத் தானே கருதிக்கொண்டு, முழுவதையும் சுருக்கிச் சிறுதிரைக்குள் அடக்கிக் காட்டிற்று. எழுத்து எறும்பளவாயிற்று. சிலர் கைத்தொலைபேசிக்கெனத் தனித் தளம் அமைத்தனர். ஒரு செய்தியை ஈரிடத்துத் திருத்தும் சுமை அதனால் வந்தது.

2010ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்க வடிவமைப்பாளர் ஈதன் மார்க்கொட் ‘றெஸ்பொன்சிவ் வெப் டிசைன்’ என்னும் கட்டுரையை எழுதி இதற்கு ஒரு வழி கூறினார். நெகிழும் வலைக்கட்டு, நெகிழும் படங்கள், திரையின் இயல்பை வினாவும் நிபந்தனை என்னும் மூன்றும் சேர்ந்தால் ஒரே பக்கம் எல்லாத் திரைக்கும் போதும் என்பது அவர் கருத்து. திரையை வினாவும் நிபந்தனையாகிய ‘மீடியா குவெரி’ 2012ஆம் ஆண்டில் முறையான பரிந்துரையாயிற்று.

‘றெஸ்பொன்சிவ்’ என்பதற்குத் தமிழில் யாது சொல் வழங்கலாம்? நம் நாட்டு விஞ்ஞானப் பாடநூல்களிலே தூண்டல், துலங்கல் என்னும் இணைச்சொற்கள் நெடுங்காலமாகப் பயின்று வருகின்றன. தொட்டாற்சுருங்கி தொடுகைக்குத் துலங்குதல் போலப் பக்கமும் திரையின் அகலத்துக்குத் துலங்குகின்றது. ஆதலின் இதனைத் துலங்கு வடிவமைப்பு என்றல் பொருந்தும். இக்கட்டுரையில் அச்சொல்லே ஆளப்படும்.

கூறு என்பது யாது

புதிதாகக் கற்போன் முழுப் பக்கத்தையும் ஒருங்கே ஆக்க முயலுதல் நன்றன்று. பக்கம் பல கூறுகளால் ஆயது. தன்னளவில் நிறைவுடையதாய், பல இடங்களில் மீள மீளப் பயன்படுவதாய் உள்ள உறுப்பே கூறு எனப்படும். ஒரு கூற்றைச் செவ்வனே ஆக்கக் கற்றவன் பக்கத்தையும் ஆக்க வல்லனாவான்.

நூலகங்களில் மூன்றங்குல உயரமும் ஐந்தங்குல அகலமும் உடைய பட்டியலட்டைகளை முதியோர் அறிவர். நூற்பெயர், ஆசிரியர், பதிப்பாண்டு முதலியன அதில் எழுதப்பட்டிருக்கும். அவ்வட்டையையே திரைக்குரிய கூறாக ஆக்குவதாகக் கொள்வோம். முகப்பட்டைப் படம், ‘யாழ்ப்பாண வைபவமாலை’ என்னும் நூற்பெயர், மாதகல் மயில்வாகனப் புலவர் என்னும் ஆசிரியர் பெயர், நூல் பற்றிய இரண்டு மூன்று வரிக் குறிப்பு, நூலைத் திறக்கும் இணைப்பு ஆகிய ஐந்தும் அதன் உறுப்புக்கள். இத்தகைய அட்டைகள் பல ஒரு பக்கத்தில் அடுக்கப்படும்.

முதற்படி: பொருளொழுங்கு

தோற்றத்தை எண்ணுமுன் பொருளை ஒழுங்குசெய்தல் வேண்டும். நூற்பெயரைத் தலைப்பு என்றும், குறிப்பைப் பந்தி என்றும், இணைப்பை இணைப்பு என்றும் குறிமொழியில் உரைக்க வேண்டும். எல்லாவற்றையும் பெயரற்ற பெட்டிகளாக அமைத்து, பெரிய எழுத்தினால் தலைப்புப்போலத் தோன்றச் செய்வோர் உளர். கண்ணுள்ளார்க்கு வேற்றுமை தெரியாது. திரையை வாசித்துக் காட்டும் மென்பொருளைத் துணைக்கொள்ளும் பார்வையற்ற மாணவர்க்கோ அப்பக்கம் தலைப்பில்லாத நூலாகிவிடும். படத்துக்கு மாற்றுரை எழுதுதலும், மொழி தமிழ் என்பதை ‘ரீ-ஏ’ என்னும் ஈரெழுத்துக் குறியீட்டால் அறிவித்தலும் இப்படியிலேயே செய்யத்தக்கன. மொழி அறிவிக்கப்பட்டாலன்றி வாசிப்பு மென்பொருள் தமிழ்க் குரலைத் தெரிந்துகொள்ள மாட்டாது.

பாணித்தாளை முற்றாக நீக்கிப் பார்த்தாலும் உரை மேலிருந்து கீழாகப் பொருளொழுங்கோடு படிக்கத்தக்கதாயின், முதற்படி நிறைவேறிற்று எனலாம்.

இரண்டாம்படி: அளவு

முதற்கண் பக்கத்தின் தலைப்பகுதியில் ‘வியூபோட்’ என்னும் அறிவிப்பு ஒன்றை எழுதல் வேண்டும். மேலோடி தன் விருப்பப்படி 980 பிக்சல் எனக் கருதாது, கருவியின் உண்மை அகலத்தையே பக்கத்தின் அகலமாகக் கொள்க என்பது அதன் பொருள். ஒற்றை வரியாகிய இதனை மறந்தால் பின்வரும் விதிகள் அனைத்தும் கைத்தொலைபேசியில் வீணாகும்.

ஈண்டுப் பிக்சல் என்பதன் பொருளையும் தெளிதல் வேண்டும். குறுக்கே 1080 ஒளிப்புள்ளிகளையுடைய கைத்தொலைபேசியை மேலோடி 360 பிக்சல் அகலமுடையதாகவே கணக்கிடலாம். மூன்று புள்ளி சேர்ந்து ஓரலகாதலே காரணம். ஆதலின் விளம்பரத்திற் காணும் புள்ளியெண்ணை வடிவமைப்புக்கு எடுத்தல் ஆகாது.

அளவுகளை இயன்றவரை சார்பளவுகளாகவே கொடுத்தல் நன்று. ‘றெம்’ என்பது பக்கத்தின் அடிப்படை எழுத்தளவைச் சார்ந்த அலகு. பொதுவாக ஒரு றெம் 16 பிக்சலாகும். முதியவர் ஒருவர் தம் கருவியில் எழுத்தைப் பெரிதாக்கின் அதற்கேற்ப அதுவும் பெருகும். படத்துக்கு அதன் உச்ச அகலம் தன் பெட்டியின் நூற்றுக்கு நூறு என விதித்தால் அது பெட்டியை மீறாது. உயரத்தை ‘ஓட்டோ’ என விட்டால் உருச் சிதையாது. படத்தின் இயல்பான அகல உயரங்களைக் குறிமொழியிலேயே குறித்துவிட்டால், படம் வந்துசேருமுன்பே மேலோடி அதற்குரிய இடத்தை ஒதுக்கி வைக்கும். குறியாவிடின், இணைப்பு மெதுவாக உள்ள இடத்தில், படித்துக்கொண்டிருக்கும் வரி திடீரெனக் கீழே இறங்கி ஓடும்.

புதியோர் பெரும்பாலும் தவறுவது உயரத்திலாகும். அட்டைகள் யாவும் ஒரே உயரமாயிருத்தல் அழகு என எண்ணி, உயரம் 300 பிக்சல் என வரையறுப்பர். எழுத்துப் பெருகியவுடன் உரை பெட்டிக்கு வெளியே வழியும். வழிவதை மறைத்தாலோ கடைசி வரிகள் காணாமற் போகும். உயரத்தை உரைக்கு விட்டுவிடுதலே முறை. ஒரு நிரையிலுள்ள அட்டைகளைச் சமவுயரமாக்கும் பணியை வலைக்கட்டுத் தானே செய்யும்.

மூன்றாம்படி: நிரையும் நிரலும்

சிறு திரையிலிருந்து தொடங்கிப் பெருந்திரைக்குச் செல்லும் முறையை லூக் றொப்ளெவ்ஸ்கி 2009ஆம் ஆண்டளவில் வலியுறுத்தினார். சிறு இடத்தில் எது இன்றியமையாதது என்று முடிவுசெய்தபின் பெரிய இடத்தில் விரித்தல் எளிது; பெரியதில் நிரப்பியதைச் சிறியதில் அடக்குதல் அரிது.

அட்டைகளை அடுக்குவதற்குச் சி.எஸ்.எஸ். மொழியில் ‘கிறிட்’ என்னும் வலைக்கட்டு உண்டு. 2017ஆம் ஆண்டு முதல் முதன்மையான மேலோடிகள் இதனை ஏற்றுள்ளன. “ஒவ்வொரு நிரலும் 16 றெம்முக்குக் குறையற்க, எஞ்சிய இடத்தைச் சமமாகப் பகிர்க, கொள்ளுமட்டும் நிரல்களை அமைக்க” என்று ஒரே விதியால் அதற்குக் கட்டளையிடலாம். இதன் தொழிற்பாட்டைக் கணக்கிட்டுக் காண்போம்.

16 றெம் என்பது 256 பிக்சல். நிரல்களுக்கிடையே 16 பிக்சல் இடைவெளியும், பக்கத்தின் இருமருங்கும் 16 பிக்சல் ஓரமும் கொள்க. 360 பிக்சல் திரையில் ஓரம்போக எஞ்சுவது 328. இரண்டு நிரலுக்கு 528 வேண்டும். ஆதலின் ஒரு நிரலே அமையும். அட்டையின் அகலம் 328. அடுத்து, 768 பிக்சலுள்ள கைப்பலகைக் கணினியில் எஞ்சுவது 736. இரண்டுக்கு 528 போதும். மூன்றுக்கு 800 வேண்டும். எனவே இரண்டு நிரல், ஒவ்வொன்றும் 360. இனி, 1366 பிக்சலுள்ள மடிக்கணினியில் எஞ்சுவது 1334. நான்குக்கு 1072 போதும்; ஐந்துக்கு 1344 வேண்டும்; பத்துப் பிக்சல் குறைகின்றது. எனவே நான்கு நிரல், ஒவ்வொன்றும் 321.5.

மூன்று திரைக்கும் ஒரே விதி. எந்தக் கருவியின் பெயரும் விதியிற் கூறப்படவில்லை. நாளை வேறோர் அகலமுடைய கருவி வரினும் விதி மாறாது. 256 பிக்சலும் இல்லாத மிகக் குறுகிய இடம் நேரின் அட்டை வெளியே நீளும். அதனைத் தவிர்க்க, “16 றெம், அல்லது உள்ள அகலம், இவற்றுட் சிறியது” என விதியைத் திருத்தி எழுதுவர் வல்லோர்.

நான்காம்படி: நிபந்தனை

இனி அட்டையின் உள்ளமைப்பை நோக்குவாம். இடமிருப்பின் படமும் உரையும் பக்கத்திற் பக்கமாகவும், இடமில்லையேற் படம் மேலும் உரை கீழுமாகவும் நிற்றல் வேண்டும். படத்துக்கு 112, இடைவெளிக்கு 16, உரைக்கு 192 எனக் கொண்டால் மொத்தம் 320 பிக்சல் வேண்டும். அட்டையின் உள்ளோரம் பக்கத்துக்குப் பன்னிரண்டாக இருபத்து நான்கைக் கழித்துப் பார்ப்போம். கைத்தொலைபேசியில் எஞ்சுவது 304. எனவே மேலும் கீழும். கைப்பலகைக் கணினியில் 336. எனவே பக்கத்திற் பக்கம். மடிக்கணினியிலோ 297.5; மீண்டும் மேலும் கீழும்!

இது சிந்திக்கத்தக்கது. பெரிய திரையில் அட்டையும் பெரிதாயிருக்கும் என்பது புதியோரின் இயல்பான எண்ணம். உண்மையில் மிகப் பெரிய திரையிலேயே அட்டை மிகக் குறுகிற்று. ஏனெனில் ஆங்கு நான்கு அட்டைகள் இடத்தைப் பகிர்ந்துகொண்டன. “திரை 700 பிக்சலுக்கு மேற்பட்டாற் பக்கத்திற் பக்கமாக வை” எனத் திரையை வினாவும் நிபந்தனையை எழுதியிருப்பின், மடிக்கணினியில் உரை நெருங்கி நசுங்கியிருக்கும். கூறு வினாவ வேண்டியது திரையின் அகலத்தை அன்று; தான் நிற்கும் பெட்டியின் அகலத்தை ஆகும்.

இதனைச் செய்ய இருவழி உண்டு. ‘ஃபிளெக்ஸ்’ என்னும் ஒழுங்கில், இடம் போதாவிடின் அடுத்த வரிக்குச் செல்க எனக் கூறின், நிபந்தனை எழுதாமலே மேற்சொன்ன மாற்றம் நிகழும். மற்றொன்று, பெட்டியை வினாவும் நிபந்தனை. 2022, 2023ஆம் ஆண்டுகளில் முதன்மையான மேலோடிகள் இதனை ஏற்றுக்கொண்டன. திரையை வினாவும் நிபந்தனை பயனற்றது என்பதன்று. முழுப் பக்கத்தின் தலைப்பட்டை, பக்கப்பட்டை முதலியவற்றுக்கு அஃது இன்றும் உரியது.

ஐந்தாம்படி: தமிழின் தேவைகள்

இதுகாறும் கூறியவை எம்மொழிக்கும் பொது. ஆயினும் ஆங்கில உரையை வைத்துச் சோதித்துச் செம்மையெனக் கொண்ட கூறு, தமிழுரையை இட்டவுடன் குலைதல் உண்டு. நம் மாணாக்கர் சிறப்பாகக் கருதவேண்டிய பகுதி இதுவே.

ஒன்று, சொல்லின் நீளம். தமிழ் ஒட்டுநிலை மொழியாதலின் வேற்றுமையும் காலமும் இடமும் துணைவினையும் ஒரே சொல்லிற் கோக்கப்படுகின்றன. ‘வெளியிடப்பட்டிருக்கின்றதென்பதனை’ என்பது பதினெட்டு எழுத்துடைய ஒரே தொடர். இடைவெளி எங்கும் இல்லை. மேலோடி பொதுவாக இடைவெளியிலேயே வரியை மடிக்கும். 192 பிக்சல் இடத்தில் அச்சொல் கொள்ளாது. அதன்மேலும் ‘ஃபிளெக்ஸ்’ ஒழுங்கிலுள்ள உறுப்பு, தன்னுள் இருக்கும் மிக நீண்ட சொல்லின் அகலத்துக்குக் கீழே குறுக மறுக்கும். விளைவாக ஒரு சொல்லின் பொருட்டு அட்டை முழுதும் திரைக்கு வெளியே தள்ளப்படும். படிப்போன் பக்கவாட்டில் இழுத்து இழுத்துப் படிக்க நேரும்.

இதற்கு மருந்து ‘ஓவர்ஃப்ளோ-றாப்’ என்னும் பண்பு. அதற்குப் ‘பிறேக்-வேட்’ என்னும் பெறுமானத்தைக் கொடுப்பின், சொல் கொள்ளாதவிடத்து முறியும். ஆனால் உறுப்பின் மிகக் குறைந்த அகலம் மாறாது. ஆதலின் மிகக் குறைந்த அகலம் சுழியம் என வேறாக எழுதல் வேண்டும். ‘எனிவெயார்’ என்னும் பெறுமானமோ இரண்டையும் ஒருங்கே செய்யும். முறியும்போது மேலோடி எழுத்தைப் பிளவாது. ‘தெ’ என்பதன் கொம்பு ஒரு வரியிலும் தகரம் மறுவரியிலும் நிற்பதில்லை. சொல்லை எழுத்தெல்லையில் முறித்து, இணைகோடு இன்றி அடுத்த வரியில் தொடர்தல் ஏட்டிலும் பழைய அச்சு நூல்களிலும் பயின்ற வழக்கே. தமிழ்க் கண்ணுக்கு அது பெருங்குற்றமாகத் தோன்றாது.

இரண்டு, வரியின் இருபுறமும் சமன்செய்தல். அச்சுநூலைப்போல வலப்புற விளிம்பும் நேராக அமைய வேண்டும் என விரும்பிக் குறுகிய இடத்தில் இதனைச் செய்தால், நீண்ட சொற்கள் இரண்டு மட்டும் ஒரு வரியில் நின்று, இடையே பெரும் வெளி விழும். அட்டையில் இடப்புறம் மட்டும் நேராக விடுதலே தக்கது.

மூன்று, வரியிடைவெளி. இகர ஈகார விசிறிகள் மேலும், உகர ஊகாரக் குறிகள் கீழும் நீள்கின்றன. ஆங்கிலத்துக்கென அமைத்த நெருங்கிய இடைவெளியில் மேல்வரியின் ‘பூ’வும் கீழ்வரியின் ‘கீ’யும் முட்டும். எழுத்தளவின் ஒன்றரை மடங்குக்குக் குறையாது, ஒன்றே முக்கால் மடங்களவும் விடுதல் கண்ணுக்கு இதமாகும்.

நான்கு, குறியேற்றம். நம் நாட்டிற் பல்லாண்டுகள் ‘பாமினி’ முதலிய எழுத்துருக்களே வழங்கின. அவற்றில் தட்டப்படுவது உள்ளே ஆங்கில எழுத்தாகவே இருக்கும். எழுத்துரு மட்டும் அதற்குத் தமிழ் உருவை அணிவிக்கும். அவ்வெழுத்துரு இல்லாத கருவியில் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களே தோன்றும். தேடுபொறிக்கும் வாசிப்பு மென்பொருளுக்கும் அது தமிழன்று. யூனிக்கோட் என்னும் ஒருங்குகுறியில் 1991ஆம் ஆண்டு முதற் பதிப்பிலிருந்தே தமிழுக்கு 128 இடங்கொண்ட தனித் தொகுதி உண்டு. துலங்கு வடிவமைப்புக்கு ஒருங்குகுறி அடித்தளம். உரை உண்மையில் தமிழாயிருந்தாலன்றி அதனை எக்கருவியிலும் தமிழாக ஒழுகச் செய்தல் இயலாது.

ஒருங்குகுறியின் இயல்பையும் அறிந்திருத்தல் நலம். ‘யாழ்ப்பாணம்’ என்னும் சொல் நம் கணக்கில் ஆறு எழுத்து. கணினியின் கணக்கில் மெய்யுருவும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியாதலின் பதினொரு குறி. இணையத்தில் வழங்கும் முறையில் ஒவ்வொரு குறியும் மூன்று பைற்று ஆதலின் முப்பத்து மூன்று பைற்று. ஆகவே, “தலைப்பு இருபது குறிக்கு மேற்படின் வெட்டுக” என்று ஆங்கில முறைப்படி கட்டளை எழுதினால், பத்துப் பன்னிரண்டு எழுத்திலேயே தமிழ்த் தலைப்பு வெட்டுண்ணும். சிலவேளை மெய் நிற்கப் புள்ளி மட்டும் அறுபட்டு, ‘ழ்’ என்பது ‘ழ’ ஆகிப் பொருளும் திரியும்.

சோதனை

கூறு ஆயிற்று எனக் கொள்ளுமுன் மூன்று சோதனை செய்க. மேலோடியின் சாளரத்தை மெல்ல மெல்லக் குறுக்கி, எவ்விடத்து உரை முட்டுகின்றது என நோக்குக. முட்டுமிடத்திலேயே நிபந்தனை வேண்டும். பெயர்பெற்ற கருவியொன்றின் அகலத்தில் அன்று. இரண்டாவதாக, எழுத்தை இருமடங்காக்கிப் பார்க்க. மூன்றாவதாக, 320 பிக்சல் அகலத்திற் பக்கவாட்டில் இழுக்காமற் படிக்க இயலுகின்றதா எனக் காண்க. 2018ஆம் ஆண்டில் வெளிவந்த அணுகுதிறன் வழிகாட்டியின் 2.1ஆம் பதிப்பு இதனை ஒரு நெறியாக வகுத்துள்ளது. 1280 பிக்சல் திரையை நான்கு மடங்கு பெரிதாக்கிப் பார்க்கும் பார்வைக் குறைவுடையோர்க்குக் கிடைப்பதும் அதே 320 ஆகும். கைத்தொலைபேசி வைத்திருக்கும் மாணவனுக்குச் செய்த நன்மை முதியவருக்கும் சேர்கின்றது.

‘பூட்ஸ்ட்ராப்’ முதலிய ஆயத்தச் சட்டகங்கள் 2011ஆம் ஆண்டு முதல் வழங்குகின்றன. அவற்றைக் கொண்டு விரைவில் ஆக்கலாம். ஆயின் மேற்கூறிய கணக்கை ஒருமுறையேனும் கைப்படச் செய்தறியாதவன், சட்டகம் குலையுமிடத்து யாது செய்வதென அறியாது நிற்பான். வாய்பாடறியாது கணிபொறியைத் தட்டுவதற்கு இஃது ஒப்பாகும். இப்பயிற்சிக்கு வேண்டிய கருவிகளோ எளியன: உரையெழுதி ஒன்றும் மேலோடி ஒன்றும் போதும்.

இக்கலையால் நமக்காவது யாது

இவையெல்லாம் தொழில் தேடுவோர்க்குரியன. தமிழ் கற்போர்க்கு இவற்றால் யாது பயன் என வினாவுவோர் உளராகலாம். வினா நியாயமானதே. விடையும் உண்டு.

1981ஆம் ஆண்டு ஜூன் முதலாந் திகதி இரவை நினைப்போர்க்கு நூல் அழிதல் என்பது வெறுஞ்சொல்லன்று. யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் சாம்பராயின. ஓரிடத்து ஒரு படியாக இருப்பது ஓரிரவில் இல்லாமற் போகும் என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்திற்று. 2005ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ‘நூலகம்’ என்னும் இலத்திரனியல் நூலகம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் ஆவணங்களையும் எண்ணிம வடிவிற் காத்து, எவரும் இலவசமாகப் படிக்குமாறு வைத்துள்ளது. அதற்கு முன்னரே 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழிலக்கியங்களைத் தட்டெழுதி உரைவடிவில் வழங்கி வருகின்றது.

இவ்விரண்டும் இருவகைப் பணிகள். நூற்பக்கத்தை ஒளிப்படமாக எடுத்தல் ஒருவகை. அச்சின் உறுதி முழுவதும் அதில் உண்டு. பதிப்பு எவ்வாறிருந்தது என்பதற்கு அதுவே சான்று. அழியுமுன் விரைந்து காப்பதற்கும் அதுவே ஏற்ற வழி. ஆனால் படம் ஒழுகாது. நான்கு விரலகலத் திரையில் அதனைப் பெரிதாக்கி, ஒவ்வொரு வரிக்கும் வலமும் இடமும் இழுத்தே படித்தல் வேண்டும். ஆய்வாளன் அவ்வாறு படிப்பான். பன்னிரண்டு வயதுச் சிறுமி இரண்டாம் பக்கத்திற் கைவிடுவாள். மற்றது உரையாக்கல். உரை ஒழுகும், தேடப்படும், குரலாகவும் கேட்கும். துலங்கு வடிவமைப்பு கைகொடுப்பது இவ்வுரைக்கே.

ஆதலின் காத்தல் ஒரு பணி. காத்ததைப் படிக்கச் செய்தல் மற்றொரு பணி. முன்னதை நம்மவர் பலர் பெரும் உழைப்பால் செய்து வருகின்றனர். பின்னதற்கு இலக்கணமும் பிழைதிருத்தமும் அறிந்த தமிழ் மாணாக்கரும், நிரையும் நிரலும் அறிந்த கணினி மாணாக்கரும் ஒருங்கு சேர்தல் வேண்டும். க.பொ.த. உயர்தரத்துத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியற் பாடத்தில் இணையத்தள உருவாக்கம் ஓர் அலகாக உள்ளது. பரீட்சையின் பொருட்டுக் குறிச்சொற்களை மனனஞ்செய்து விடுவதோடு அமையாது, ஒரு மாணவர் ஒரு நூலட்டையையும், ஒரு வகுப்பு ஒரு சிறுநூலையும் துலங்கும் பக்கமாக ஆக்கிப் பார்த்தால், பாடமும் விளங்கும், நூலும் வாழும்.

பதிப்புரிமை காலாவதியான நம்மூர்ப் புலவர்தம் பதிகங்களும் அந்தாதிகளும் பல உள. அவற்றுள் ஒன்றை எடுத்து, ஒருங்குகுறியில் எழுதி, பிழை களைந்து, எத்திரையிலும் இனிது படிக்கத்தக்க பக்கமாக அமைத்தல் ஒரு தவணைக் காலத்துட் செய்யக்கூடிய பணி. கலித்தொகையை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொணர்ந்தவர் சிறுப்பிட்டியிற் பிறந்த ஒருவர். அச்சிலிருந்து திரைக்குக் கொணரும் கடமை இத்தலைமுறை மாணாக்கர்க்கு உரியதாகும்.